ஏசி அறையில் பதினொரு கிராம்

"பல்லி டாக்டர்" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். எங்கள் கால்நடை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான் எனக்கு வைத்த பெயர் அது. வைத்த அன்று வரிசையாகச் சிரித்த முகங்கள் வந்து விழுந்தன. அப்படிச் சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு, மாட்டுப் பிரசவத்தில் கையை எங்கே விட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவள் நான். மறுநாளே குழுவில் என் படத்தை எடுத்துவிட்டு ஒரு பல்லிப் படத்தை வைத்தேன். இன்றுவரை மாற்றவில்லை, மாற்றுவதாகவும் இல்லை.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் அரசு மருந்தகங்களில் இருந்தவள், கோமாரி, மடிவீக்கம், கன்று குறுக்கே கிடந்த கதை என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. நான் எழுதப் போவது சாப்பிட மறுத்த ஒரு பல்லிக்குட்டியைப் பற்றி. அதில் நான் செய்த தப்பைப் பற்றியும். பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு ஹஸ்கி நாய்க்கு ஊசி போடப் போகலாம்.

ஓய்வுபெற்ற பிறகு கடலூரில் என் வீட்டு முன்னறையைத்தான் கிளினிக்காக வைத்திருக்கிறேன். அடைமழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டெல்லா வந்தார். சொந்த ஊர் குமராட்சிப் பக்கம்; குடியிருப்பது சிதம்பரத்தில், அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி முடிந்த கையோடு வீட்டுக்குப் போய்க் குட்டியை எடுத்துக்கொண்டு, யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். மடியில் துண்டு சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன் மேல் ஒரு நீள நோட்டு, தோளில் தொங்கிய பையில் ஒரு சின்னத் தராசு.

டப்பாவுக்குள் லெப்பர்ட் கெக்கோ. உங்களில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மஞ்சள் உடம்பில் சிறுத்தைப் புள்ளிகள் போட்ட, சுவரில் ஏறத் தெரியாத, இமை கொட்டுகிற பல்லி. வறண்ட நாட்டுப் பிராணி. ஒட்டகம் திமிலில் சேர்த்துவைப்பதுபோல இது வாலில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். நன்றாகச் சாப்பிடுகிற குட்டிக்கு வால் சுண்டுவிரல் தடிமன் இருக்க வேண்டும். இதற்குப் பென்சில் தடிமன்தான் இருந்தது. வெளிநாட்டுப் பிராணி வளர்க்க அரசிடம் வாங்கிய பதிவுக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. ஸ்டெல்லா எடுத்து நீட்டினார். இரண்டாவது கேள்வியை நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், இது பேரு புள்ளி. இருபத்தி மூணு நாளா வாயே தொறக்கல. வாங்கிட்டு வர்றப்ப பதினாலு கிராம். இன்னிக்குக் காலைல பதினொண்ணு."

சொன்னவர் குரல் வார்டில் கேஸ் ஒப்படைக்கிற குரல். ஆனால் டப்பாவை மேஜையில் வைக்காமல் மடியிலேயே பிடித்திருந்தார்.

"வீட்ல இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன். பிராணி பட்டினி கிடந்தால் வீட்டைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

"இன்னா சொல்வாங்க? பல்லிய போய் வெல குடுத்து வாங்கினாளான்னு தெருவே சிரிக்குது. இது எப்ப சாவும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க மேடம். செத்தா, 'நாங்க அப்பவே சொன்னோம்ல'னு சொல்லணும், அவ்ளோதான்." மூச்சு விட்டுக்கொண்டார். "நான் வேலைக்கு வந்து பதினாலு வருஷம். தம்பி படிச்சான். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு. வூட்டுக்குத் தளம் போட்டோம். எனக்குப் புடிச்சதுன்னு நான் வாங்குனது இது ஒண்ணுதான். இதுவும் செத்துப் போச்சுன்னா, இனிமே நான் வாயத் தொறந்து எதையும் வேணும்னு கேக்க மாட்டேன்."

இந்தப் பதினொரு கிராமுக்குள் என்ன இருக்கிறது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். வாயில் புண் இல்லை. வயிற்றில் அடைப்பு இல்லை. விரல்களில் பழைய தோல் சிக்கியிருக்கவில்லை. கண் குழி விழவில்லை. பழைய எச்சத்தைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார், நர்ஸ் அல்லவா. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், புழு இல்லை. ஆனால் குட்டியை உள்ளங்கையில் வைத்தபோது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய்போல ஜில்லென்று இருந்தது.

"இத எங்க வச்சிருக்கீங்க?"

"பெட்ரூம்ல மேடம்."

"ஏசி ரூமா?"

"ஆமா மேடம். இருபதுல வச்சிருக்கோம். ஒரு நிமிஷம்கூட ஆஃப் பண்றதில்ல. எங்க வூட்டுக்காரரு மழைலயும் கம்பளி போத்திக்கிட்டுப் படுக்குறாரு."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. உடம்பில் சொந்தச் சூடே இல்லாத பிராணி. வயிற்றுக்கு அடியில் சூடு இருந்தால்தான் தின்றது செரிக்கும். செரிக்காது என்று தெரிந்தால் அது ஏன் தின்னப் போகிறது?

"எந்த முட்டாள்மா இத ஏசில வைக்கச் சொன்னான்?"

ஸ்டெல்லா நோட்டைத் திறந்தார். முதல் பக்கம், முதல் வரி. தேதி, மணி, அதன் பக்கத்தில் என் பெயர், என் ஃபோன் நம்பர். அதற்குக் கீழே குண்டு குண்டான எழுத்தில்: 'டாக்டர் மேடம் போனில் சொன்னது. வெளிநாட்டுப் பிராணி, ஏசியில் வைக்கவும்.'

"நீங்கதான் மேடம்" என்றார், மிக மரியாதையாக.

மெதுவாக நினைவு வந்தது. வடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஃபோன் வந்தது. இந்தப் பக்கத்தில் கொஞ்ச வருடமாக ஹஸ்கி மோகம். பனியில் ஓட வேண்டிய நாயை வாங்கி மொட்டை மாடியில் கட்டிவிட்டு, நாக்குத் தள்ளுகிறதே என்று ஃபோன் செய்வார்கள். 'வெளிநாட்டுப் பிராணியா, ஏசில வைங்க' என்பது என் வாயில் தானாக வருகிற மந்திரமாகிவிட்டிருந்தது. அன்று 'வெளிநாட்டு' என்ற சொல் மட்டும்தான் என் காதில் ஏறியிருக்க வேண்டும். மந்திரத்தைச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கப் போய்விட்டேன்.

'பல்லி என்று நீங்கள் சொல்லவே இல்லையே' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் ஸ்டெல்லா ஒத்துக்கொண்டும் இருப்பார். டாக்டரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத தொழில் அவருடையது. ஆனால் அவர் சொல்லியிருக்கிறார். மந்திரத்துக்கு மேல் இருந்த வரியில் 'லெப்பர்ட் கெக்கோ, வயது இரண்டு மாதம் என்று தெரிவித்தேன்' என்றும் எழுதியிருந்தது.

"என் தப்புதான் சிஸ்டர்" என்றேன். அந்த மூன்று சொல்லைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த நோட்டைப் புரட்டினால் இன்னொரு கதை இருந்தது. ஐசியூவில் மாட்டுகிற சார்ட்போலக் கட்டம் கட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு பதிவு. எடை, வாய், கண், வால். ஒவ்வொரு பதிவுக்கும் குட்டியைத் தூக்கி, சமையலறைத் தராசில் வைத்து, வாயைத் திறந்து பார்த்து, மறுபடி உள்ளே விட்டிருக்கிறார்கள். ஸ்டெல்லா டூட்டிக்குப் போன நேரத்துக்கான கட்டங்களும் காலியாக இல்லை. அவை வேறு கையெழுத்து.

"இது யாரு எழுதுனது?"

"எங்க வூட்டுக்காரரு, அருள்தாஸ். குமராட்சி ரூட்ல மினி பஸ் ஓட்றாரு. ட்ரிப்புக்கு நடுவுல வூட்டுக்கு வந்து வெயிட் போட்டுட்டுப் போவாரு."

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. உங்களை ஒரு ராட்சசன் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, நாளைக்கு எட்டுத் தடவை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, இந்தா இட்லி சாப்பிடு என்றால் இறங்குமா? குளிரை நான் கொடுத்தேன். பயத்தை அவர்கள் கொடுத்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் அதன்மேல் உயிரை வைத்துச் செய்தார்கள், நான் பாதி கவனத்தில் செய்தேன்.

அப்போதுதான் ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தார். பச்சைக் குழந்தைகளுக்குப் போடும், இருப்பதிலேயே மெல்லிய ஃபீடிங் ட்யூப்.

"மேடம், எங்க வார்டுல சாப்பிடலைன்னா ட்யூப் போட்டுடுவோம். எனக்குக் கை நடுங்காது. நீங்க அளவு சொன்னீங்கன்னா இப்பவே கொஞ்சம் உள்ள தள்ளிடலாம். வெறும் வயித்தோட திருப்பித் தூக்கிட்டுப் போக மனசு வரல."

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என் தப்பை உடனே சரிக்கட்ட ஒரு வழி கண் முன்னால் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. வந்தவருக்கும் திருப்தி, எனக்கும் குற்ற உணர்ச்சி குறையும். ஆனால் நான் அந்த ட்யூபை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால் குறிஞ்சிப்பாடிப் பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் எனக்கு முதல் போஸ்டிங். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு கறவைப் பசு இரண்டு நாளாகத் தீனி தொடவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். காய்ச்சல் இருந்தது, ஊசி போட்டேன். அதற்குமேல் அன்று செய்ய ஒன்றும் இல்லை. காய்ச்சல் இறங்கினால் மாடு தானாக வாய் வைக்கும். ஆனால் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். அந்த ஊர் அதுவரை பெண் மாட்டு டாக்டரைப் பார்த்ததில்லை.

"பொம்பள டாக்டரு, பாத்துக்கினே நிக்குது பாரு" என்று ஒருவர் சொன்னார். "கஞ்சியாவது ஊத்தச் சொல்லுங்கய்யா" என்றார் இன்னொருவர்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூங்கில் குழாயைக் கொண்டுவரச் சொன்னேன். மாட்டின் தலையை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, நானே அண்ணாந்த வாயில் கஞ்சியை ஊற்றினேன். மாடு திமிறியது. இருமியது. இருமும்போது நிறுத்தியிருக்க வேண்டும். இருபது பேரும் பார்க்கிறார்கள் என்று முழுக் குழாயையும் ஊற்றி முடித்தேன். "பரவால்லையே, கெட்டிக்காரப் பொண்ணுதான்" என்றார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கஞ்சி போனது வயிற்றுக்கு அல்ல, நுரையீரலுக்கு. நான்காம் நாள் பசு செத்தது. அந்த வீட்டில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வந்து பார்த்த டாக்டர், ஊசி போட்ட டாக்டர், கஞ்சிகூட ஊற்றிய டாக்டர் என்று எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். மருந்தகப் பதிவேட்டில் இறப்புக்குக் காரணம் 'நிமோனியா' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அந்த நிமோனியாவை ஊற்றியது யார் என்று எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் அதற்கு இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே ட்யூப் டிராயருக்குள் போனது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன்: "இன்னிலேருந்து அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது. தராசு என்கிட்ட இருக்கட்டும், குடுத்துட்டுப் போங்க."

"தராசயா? வெயிட் பாக்காம எப்பிடி மேடம்?"

"பாத்ததாலதான் இப்பிடி ஆச்சு."

ஏசி இல்லாத ஹாலில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் பெட்டி. மூன்று பக்கக் கண்ணாடிக்கும் பழைய காலண்டர் அட்டை. ஒளிந்துகொள்ள இரண்டு கொட்டாங்குச்சி, வாசல் வெட்டி; ஒன்றில் ஈரத் துணி. கோழிக்குஞ்சு பொரிக்க நான் வைத்திருந்த பெட்டியிலிருந்து சூட்டுத் தகட்டையும் அதைக் கட்டுப்படுத்தும் கருவியையும் கழற்றிக் கொடுத்தேன். பெட்டியின் ஒரு பாதி சூடாக, மறு பாதி சாதாரணமாக, எங்கே இருப்பது என்பதை அதுவே முடிவு செய்யட்டும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று சின்னச் சில்வண்டு. பாண்டிச்சேரியில் இதற்கென்றே வளர்ப்பவர் ஒருவர் இருக்கிறார்; அவர் அனுப்பும் சுத்தமான பூச்சி. போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அரை மணியில் மிச்சத்தை எண்ணி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி பல்லியைக் கடிக்கும். நோட்டில் எழுத அனுமதி இரண்டே எண்களுக்கு: போட்டது, எடுத்தது.

எல்லையையும் அப்போதே சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழம நானே தராசோட வர்றேன். பத்துக்குக் கீழ இருந்தா, இல்ல அதுக்கு முன்னாடியே கண்ணு உள்ள போச்சுன்னா, உடனே சென்னைக்குக் கெளம்புறோம். இதுல கை தேர்ந்தவங்க அங்க இருக்காங்க. நானும் கூட வருவேன்."

உங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். சும்மா இருப்பது என்பது விட்டுவிடுவது அல்ல. முழுக்கப் பார்த்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து, எதுவரை பொறுப்பது என்று கோடு போட்டுவிட்டுத்தான் கையைக் கட்ட வேண்டும். வெறுமனே கையைக் கட்டுகிறவனுக்கு வேறு பெயர்.

வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேஸை நான்தான் எழுதினேன், என் தப்பையும் சேர்த்து. அதற்குக் கிடைத்த பரிசுதான் பல்லி டாக்டர். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு டாக்டர் தனியாக ஃபோன் செய்தார். நல்லவர், என்மேல் அக்கறை உள்ளவர்.

"மேடம், ட்யூப் போட்டுத் தள்ளிட்டுப் போங்க. பட்டினி போட்டே சாவடிச்சாங்கன்னு பேரு வரணுமா? அப்பறம் அந்த நோட்டு. அத எப்பிடியாவது வாங்கி வச்சுக்குங்க. மொத வரியிலயே உங்க பேரு இருக்குது."

"நோட்டு அவுங்களோடது" என்றேன்.

"நாளைக்கு எவன்கிட்டயாவது காட்னாங்கன்னா?"

"காட்டட்டும்."

ஃபோனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. வீம்பு பேசுவது சுலபம்.

திங்கள், போட்டது மூன்று, எடுத்தது மூன்று. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மத்தியானம் மழையில் நனைந்தபடி வாசலில் ஒருவர் நின்றார். காக்கிச் சட்டை, கையில் டிபன் டப்பா.

"டாக்டரம்மா, நான் அருள்தாஸு. ஸ்டெல்லா வூட்டுக்காரன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரெண்டு நாளா அவ சோறு சரியாத் துன்றதில்ல. அது துன்னலைன்னு இவ துன்னல. நானும் ஆரம்பத்துல கிண்டல் பண்ணவன்தான், இல்லேங்கல. ஆனா இதுக்கு மேல பாத்துக்கினு இருக்க முடியாது." டப்பாவைத் திறந்தார். உள்ளே பச்சைப் பசேலென்று வெட்டுக்கிளிகள் குதித்தன. "குமராட்சில வயல்ல எறங்கிப் புடிச்சேன். உங்க பாண்டிச்சேரிப் பூச்சி அதுக்குப் புடிக்கலபோல. இத நீங்க பாத்து சரின்னு சொன்னா போட்டுடுவேன்."

சகதி முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது. டிரிப்பை யாரிடமோ விட்டுவிட்டு, மழையில் வயலில் இறங்கி, பெரிய ஆண்பிள்ளை வெட்டுக்கிளி பிடித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"யாரு வயலு?"

"எங்க மாமாவோடது."

"மருந்து அடிச்சாரா?"

"மழைக்கு முன்னாடி அடிச்சாரு. ஒரு வாரம் ஆயிருக்கும். மழைல எல்லாம் கழுவிக்கினு போயிருக்காதா?"

"இது ஒண்ணத் துன்னுச்சுன்னாலும் ஆபத்து, அருள்தாஸ். பூச்சி தாங்கும். பதினோரு கிராம் தாங்காது."

அவர் முகம் சிவந்தது. "நீங்களும் ட்யூப் போட மாட்டீங்க. நாங்க குடுத்தாலும் வாணாம்னுவீங்க. ஏசில வைன்னும் நீங்கதான் சொன்னீங்க, ஏசில வச்சதே தப்புன்னும் நீங்கதான் சொல்றீங்க. எத நம்பறது டாக்டரம்மா?"

நியாயமான கேள்வி.

"மொதல்ல சொன்னது பாக்காம சொன்னது. இப்ப சொல்றது பாத்துட்டுச் சொல்றது. ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்துக்குங்க. தப்பாப் போச்சுன்னா என் வாசல்ல வந்து நாலு பேரு கேக்கச் சத்தம் போடுங்க. நான் கதவ சாத்திக்க மாட்டேன்."

வெட்டுக்கிளிகளை என் தோட்டத்தில் திறந்துவிட்டுப் போனார். விடைபெறாமல்தான் போனார். அந்த வருடம் என் செம்பருத்தியில் ஒரு இலை மிஞ்சவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா ஃபோனில் அழுகிற குரலில் பேசினார். "மேடம், மூணு போட்டேன். ரெண்டுதான் இருக்குது. ஒண்ணு தப்பிச்சி ஓடிருச்சுபோல. மூடியத் தொறக்கும்போது கவனிக்காம வுட்டுட்டேன். ரெண்டு பேரும் கட்டில், பீரோ எல்லாத்தையும் நகத்திட்டுத் தேடிக்கிட்டு இருக்கோம்."

நானும் தப்பி ஓடியிருக்கும் என்றே நினைத்தேன். நல்லதை நம்புவதற்கு எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று போட்டு மூன்றும் திரும்பி வந்ததும் அதை உறுதிப்படுத்துவதுபோல ஆயிற்று. சனிக்கிழமையும் மூன்று. அன்று டிராயரைத் திறந்து அந்த ட்யூபை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டேன். அனுபவம் உள்ளவர்களுக்குச் சந்தேகம் வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர்கள் அனுபவத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தராசையும், சென்னைக்குப் போவதானால் இருக்கட்டும் என்று மாற்றுப் புடவையையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டில் ஸ்டெல்லா, அருள்தாஸ் இரண்டு பேருமே லீவு. அருள்தாஸ் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு விலகி நின்றார்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். குட்டி சூடான பக்கத்துக் கொட்டாங்குச்சியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் தெளிவாக இருந்தது. தூக்குவதற்காகக் கையை விட்டவள் நிறுத்திக்கொண்டேன். பின் மூலையில், கொட்டாங்குச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மிளகளவு கறுப்பாக ஒன்று. நுனியில் வெள்ளை.

"இது என்னிக்குப் போட்டது?"

ஸ்டெல்லா குனிந்து பார்த்தார். "தெரியல மேடம். தொடக் கூடாதுன்னீங்க, நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் வைத்துப் பிரித்தேன். பையிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். பிறகு லென்ஸை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். புதிய எச்சம். அதற்குள் முள்ளு முள்ளாக, முறிந்த ஒரு சில்வண்டுக் கால்.

"அருள்தாஸ், பீரோவத் திரும்பப் பழைய எடத்துல வையுங்க. நீங்க தேடுன பூச்சி இதோ இருக்குது."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டெல்லா லென்ஸைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதார். அருள்தாஸ், "துன்னுட்டு கம்முனு இருந்துச்சா? கேடி" என்று கத்தினார். பல்லி எச்சத்தைப் பார்த்து நான் கைதட்டினேன். உலகத்தில் சாணியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே தொழில் நம்முடையதுதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தராசில் பதினொன்று. ஒரு வாரத்தில் குறையவே இல்லை. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று சில்வண்டைப் போட்டுவிட்டு, மூன்று பேரும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தோம். குட்டி வெளியே வந்தது. நின்றது. வால் நுனி மட்டும் படபடவென்று ஆடியது. ஒரே பாய்ச்சல். அதை விழுங்கிவிட்டு அடுத்ததைத் திரும்பிப் பார்த்தது. அருள்தாஸ் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன்னால் ஸ்டெல்லா நோட்டை எடுத்தார். போட்டது மூன்று, எடுத்தது சைபர் என்று எழுதினார். சைபரை இரண்டு தடவை அழுத்திச் சுழித்தார்.

"நோட்ட இப்பிடிக் குடுங்க சிஸ்டர்" என்றேன்.

சட்டென்று அவர் முகம் மாறியது. முதல் பக்கத்தைக் கிழிக்கப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் கொடுத்தார். டாக்டர் கேட்டால் கொடுத்துத்தான் பழக்கம். நான் முதல் பக்கத்தைத் திருப்பி, அந்த ஏசி வரிக்குக் கீழே எழுதினேன்: 'மேலே உள்ள அறிவுரை தவறு. பிராணியைப் பார்க்காமல் நான் சொன்னது. அதனால்தான் இது பட்டினி கிடந்தது.' முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, தேதி எழுதி, கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுதினேன். இடம் தாராளமாகவே இருந்தது.

ஸ்டெல்லா அதைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எத்தினி கேஸ் ஷீட்டு பாத்திருக்கேன் மேடம்" என்றார். "இப்பிடி ஒரு வரிய எதுலயும் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல. ஒண்ணு எழுத வேண்டியது இருந்துச்சு, குறிஞ்சிப்பாடில. எழுதாம வுட்டுட்டேன்."

அவர் அது என்னவென்று கேட்கவில்லை. அருள்தாஸ் என்னை மினி பஸ்ஸில் அல்ல, தெரிந்தவரின் காரில் கடலூருக்கே கொண்டுவந்து விட்டார்.

புள்ளி இன்று எழுபது கிராம். ஸ்டெல்லா இப்போது தனக்கென்று ஒரு தையல் மிஷினும் வாங்கியிருக்கிறார், யாரையும் கேட்காமல். குழுவில் என்னை இன்னும் பல்லி டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த நோட்டு சிதம்பரத்தில் இருக்கிறது. என் பேரும் பதிவு எண்ணும் அதில் இருக்கின்றன. பெண் டாக்டர் சும்மா நிற்கிறாள் என்று சொல்ல விரும்புகிறவர்கள் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்.